ஆறு டப்பாத் தேயிலை

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த பிறகு இந்தக் கரிசல் பூமியில் குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் அறியாமையை உடனே திருத்திக்கொள்ள வேண்டும். 1998ஆம் ஆண்டு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோவில்பட்டியில் மூன்று தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு முதலாளியான சௌந்தரபாண்டியன், தன் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, இனி இந்த வீட்டு டீயில் பால் விடக் கூடாது என்று அறிவித்தார். சீனியும் கூடாது. மீறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்ல வேண்டியதுமில்லை.

எழுந்து நின்றவர்கள் மூன்று பேர். மனைவி செண்பகவல்லி. ஒரே மகள் சுதாராணி, பி.காம். படித்துவிட்டு அப்பாவின் ஆபீஸிலேயே லேபிள் கணக்கும் ஏற்றுமதிக் காகிதங்களும் பார்ப்பவள், வயது இருபத்தேழு. மூன்றாவது ஆள் கல்யாணத் தரகர் மந்திரமூர்த்தி. சுதாராணிக்கு ஜாதகம் கொண்டுவருகிற சாக்கில் வருஷக்கணக்காக அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அவர் முதல் ஆளாகக் கை தட்டினார்.

"பால்தான் அண்ணாச்சி டீயைக் கெடுக்குது. நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன்."

"பொறவு ஏன் வேய் சொல்லல?"

"நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்."

இதற்கெல்லாம் காரணம் குன்னூர். தீப்பெட்டி முதலாளிகள் சேர்ந்து ஒரு சுற்றுலா போனார்கள். அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், வரிசையாக வைத்த கிண்ணங்களிலிருந்து கரண்டியால் டீயை எடுத்து, சர்ரென்று பெரும் சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, புளிச்சென்று துப்பினார். சுற்றி நின்றவர்கள் அவர் துப்பியதைப் பார்த்து மரியாதையோடு தலையாட்டினார்கள். சௌந்தரபாண்டியன் அசந்து போனார். முப்பது வருஷமாக நாமும்தான் துப்புகிறோம், ஒருத்தனாவது தலையாட்டினானா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மடியில் ஆறு தகர டப்பாக்கள் இருந்தன. நீலகிரி, அஸ்ஸாம், டார்ஜிலிங் என்று இலைத் தேயிலை மூன்று. ரோஜா, ஏலக்காய், ஏதோ ஒரு சீமை எலுமிச்சை என்று வாசனை சேர்த்தது மூன்று. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து மணிக்கு வீட்டுக் கூடத்தில் ருசி பார்க்கும் வைபவம். ஆறு வெள்ளைக் கோப்பைகள். துப்புவதற்குப் பித்தளைப் படிக்கம். ஊரில் குடிதண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அப்பேர்ப்பட்ட ஊரில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் இந்த உறிஞ்சலுக்கும் துப்பலுக்கும் என்று தனியாக மூடி வைக்கப்பட்டது. வீடு பெருக்குகிற சுடலையம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் போர்க் குழாயைக் காட்டினார்கள்.

இதில் ஒரே ஒரு சிறிய இடைஞ்சல் உண்டு. சௌந்தரபாண்டியனுக்கு மூக்கு வேலை செய்யாது. கந்தகமும் மெழுகும் குச்சி மருந்தும் சேர்ந்து அதை எப்போதோ சாகடித்துவிட்டன. முந்திய வருஷம் சமையலறையில் காஸ் கசிந்து வீடே நாறியபோது எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். இவர் மட்டும் உள்ளே வந்து, என்ன இருட்டாக இருக்கிறது என்று கேட்டபடி தீக்குச்சியை உரசினார். அது அவருடைய சொந்தத் தயாரிப்பு என்பதால் பற்றவில்லை. குடும்பம் பிழைத்தது.

மூக்குச் செத்தவருக்கு நாக்கு மட்டும் எங்கிருந்து வரும்? ஆனால் கோப்பையின் பெயர் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும்.

"அஸ்ஸாம் பட்டாளத்துக்காரன் மாதிரி. உள்ள எறங்கும்போதே சல்யூட் அடிக்கான் பாரும்."

"அடிக்கான் அண்ணாச்சி. எனக்கு ரெண்டு தடவை அடிச்சிட்டான்," என்றார் மந்திரமூர்த்தி.

பால் விடுகிற பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? இரண்டாவது வாரமே செண்பகவல்லி கை மறந்து டார்ஜிலிங்கில் ஒரு கரண்டிப் பாலை ஊற்றிவிட்டாள். அன்று தீப்பெட்டி முதலாளிகள் சங்கத்திலிருந்து நாலைந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். சௌந்தரபாண்டியன் கோபப்படவில்லை. கோப்பையைத் தூக்கி மொசைக் தரையில் நிதானமாகக் கவிழ்த்தார். "என் சம்சாரம் காட்டுல கெடந்து வளந்தவ. நீங்கதான் மன்னிக்கணும்" என்று விருந்தாளிகளிடம் சொன்னார். பிறகு அவள் துணி எடுக்கத் திரும்பியபோது, "எதுக்குத் துணி? முந்தானை இருக்குல்லா?" என்றார். அவள் முந்தானையால் துடைத்தாள். பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள்.

ஆடி பிறந்தது. கரிசல்காட்டு வீடுகளில் டப்பாவுக்குள் இருக்கிற எதையும் அவ்வப்போது மாடியில் காயப்போட்டாக வேண்டும். மல்லி, வத்தல், உளுந்து, துவரை எதுவானாலும் அப்படித்தான். இல்லாவிட்டால் வண்டு விழும். தேயிலைக்கும் வண்டு விழும் என்று செண்பகவல்லி பயந்தாள். விழுந்தால் துடைப்பதற்கு முந்தானை மட்டும் போதாது என்பது அவளுக்குத் தெரியும். கணவர் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரமாகப் பார்த்து, மாடியில் சலவை வேட்டியை விரித்து, ஆறு டப்பாவையும் ஆறு குவியலாகக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். உலை கொதித்து அடங்குவதற்குள் ஆடிக் காற்று மாடிக்கு வந்து போயிருந்தது.

மேலே போய்ப் பார்த்தால் குவியல் என்று ஒன்று இல்லை. வேட்டியின் ஓரத்தில், தொட்டிச் சுவரின் அடியில், அஸ்ஸாமும் டார்ஜிலிங்கும் ரோஜாவும் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. மல்லி சிதறினால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். சுளகால் வாரினாள், புடைத்து மண்ணைப் போக்கினாள், உழக்கால் அளந்து ஆறு டப்பாவிலும் சமமாகப் போட்டாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

சத்தம் கேட்டு வந்த சுதாராணி மூன்று டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்தாள். மூன்றிலும் ஒரே வாசனை. லேசாக ரோஜா, லேசாக ஏலம், லேசாகத் தார்ச்சாலை.

"ஏட்டி, ஒங்கப்பாக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டிருவாவ."

"தெரியாதும்மா. ஞாயித்துக்கெழம பாரு."

ஞாயிற்றுக்கிழமை சௌந்தரபாண்டியன் ஆறையும் உறிஞ்சினார். ரோஜாவைக் குடித்துக் கண்ணை மூடினார். ஏலக்காய் இந்தத் தடவை கொஞ்சம் தூக்கல் என்றார். அஸ்ஸாம் வழக்கம்போல் சல்யூட் அடித்தது. மந்திரமூர்த்திக்கு மூன்று தடவை. சமையலறையில் செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுதாராணி சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைக்குப் போனாள்.

அவளுக்கு இதில் ஆச்சரியமில்லை. அப்பாவின் தொழிலே இதுதான். ஒரே குச்சி, ஒரே மருந்து, ஒரே பெட்டி. மேலே ஒட்டுகிற படம் மட்டும் பதினாலு. இரட்டை முயல், அன்னாசி, மணிக்கூண்டு, தபால்காரர் என்று நீளும். பாட்னாவில் ஒரு வியாபாரி, இரட்டை முயல் மழையிலும் பற்றும், அன்னாசியை என் கடைப் பக்கமே அனுப்பாதே என்று போனில் கத்துவார். சுதாராணி அன்னாசியின் மேல் முயலை ஒட்டச் சொல்லி அனுப்புவாள். நன்றி சொல்லி மறுபடி போன் வரும். இத்தனை வருஷமாக ஊரைப் படத்தால் ஏய்த்த மனிதர் தன் வீட்டு டப்பாவின் படத்தில் ஏமாந்தார் என்பதுதான் வேடிக்கை. அதைச் சேர்ந்து பார்க்க அவளுக்கு ஓர் ஆள் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் சௌந்தரபாண்டியனுக்கு இரண்டாவது ஞானோதயம் வந்தது. பெண் பார்க்க வருகிறவன் ஜாதகம், சம்பளம் எல்லாம் சரியாக இருந்தாலும், நாக்கு சரியாக இருக்க வேண்டும். ஆறு கோப்பையையும் குடித்துப் பெயர் சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது.

பரீட்சை முறையும் அவரே வகுத்தார். சுதாராணி உள்ளே டீ வடித்து, ஒவ்வொரு சாஸருக்கும் அடியில் ஒரு தீப்பெட்டி லேபிளை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். இரட்டை முயல் என்றால் ரோஜா, அன்னாசி என்றால் அஸ்ஸாம், மணிக்கூண்டு என்றால் டார்ஜிலிங், இப்படி. வந்தவன் பெயர் சொல்வான். மாமனார் சாஸரைத் தூக்கிப் பார்ப்பார்.

சாத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். ஆறையும் குடித்துவிட்டுத் தன் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து, அன்று மாலையே டாக்டரிடம் போனதாகக் கேள்வி. சங்கரன்கோவில்காரன் ஒருவன் ஆறுக்கும் "நல்லாருக்கு" என்றான். "நாக்குச் செத்த பய" என்று சௌந்தரபாண்டியன் இருவரையும் தள்ளிவிட்டார். சுதாராணிக்கு அதில் வருத்தமில்லை. முதலாமவன் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டு ஏசியைப் பார்த்தான். மற்றவன், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்று தன் அம்மாவை விட்டுச் சொன்னான். வேண்டாதவர்களைத் தள்ள அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, டப்பா பார்த்துக்கொள்ளும். வேண்டியவன் வந்தால் கோப்பைகளின் வரிசையைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அப்பாதான் மாப்பிள்ளை பொறுக்குகிறார் என்று ஊர் நம்பியது. அப்பாவும் நம்பினார்.

வேண்டியவன் ஏற்கெனவே இருந்தான். இசக்கிராஜா. ஊர் கடம்பூர், தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கண்டெய்னர் காகிதங்களுக்காக வாரம் இரண்டு முறை சுதாராணியிடம் போனில் பேசுவான். ஒருநாள் பேச்சின் நடுவே தயங்கினான்.

"மேடம், தப்பா எடுக்கக் கூடாது. பதினாலு லேபிள் அனுப்புதீங்க. குச்சி ஒண்ணுதானே?"

"ஏன் கேக்கீங்க?"

"துறைமுகத்துல ஒருத்தன் கேட்டான். வேற வேறன்னு சொல்லிட்டேன். பொய் சொன்னது ஒரு மாதிரியா இருந்துச்சு. யார்கிட்டயாச்சும் உண்மையைச் சொல்லிரணும்னு தோணுச்சு."

சுதாராணி போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இந்த வீட்டை விட்டு, இந்த உறிஞ்சல் சத்தத்தை விட்டு, உள்ளதை உள்ளபடி சொல்கிற இந்த ஆளோடு தூத்துக்குடிக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு ஆசை இல்லை. கடம்பூரில் ஒரு நல்ல குடும்பம் இருப்பதாக மந்திரமூர்த்தியின் காதில் போட்டாள். ஜாதகம் வந்தது, பொருந்தியது. ஆவணியில் ஒரு ஞாயிறு குறிக்கப்பட்டது.

முந்திய நாள் ஆபீஸிலிருந்து அவனுக்குப் போன் போட்டாள்.

"எழுதிக்கிடுங்க. நீலகிரி, ரோஜா, டார்ஜிலிங், ஏலக்காய், அஸ்ஸாம், சீமை எலுமிச்சை. இதே வரிசைலதான் கொண்டாருவேன்."

"இது ஏமாத்து இல்லியா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"எனக்கு டீன்னா ரோட்டுக்கடை டீதான் தெரியும். நாக்கை வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

"நாக்கு வேண்டாம், மனப்பாடம் போதும். சத்தமா உறியணும். கூச்சப்படக் கூடாது."

ஆறு டப்பாவிலும் ஒரே தேயிலை என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அது அம்மாவின் உயிர். கல்யாணம் ஆன பிறகு தூத்துக்குடிக் கடற்கரையில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கிராஜா தன் தாயார் கோமதியம்மாளோடும் ஒரு பெட்டி கடம்பூர் போளியோடும் வந்து இறங்கினான். சௌந்தரபாண்டியன் போளியை மரியாதையாக அப்புறப்படுத்தினார். இனிப்பு நாக்கைக் கெடுக்குமாம். சுதாராணி தட்டை வைத்துவிட்டுத் தூண் ஓரமாக நின்றாள். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். போனில் கேட்ட குரலுக்கு ஏற்ற முகம்தான் என்று அவளுக்குப் பட்டது.

முதல் கோப்பை. உறிஞ்சினான். சத்தம் கொஞ்சம் குறைவு. "நீலகிரி," என்றான். குரல் நடுங்கியது. சௌந்தரபாண்டியன் சாஸரைத் தூக்கிப் பார்த்தார். புருவம் ஏறியது.

இரண்டாவது. "ரோஜா." சரி.

மூன்றாவது. இப்போது உறிஞ்சலில் ஒரு தைரியம் தெரிந்தது. "டார்ஜிலிங்." சரி. மந்திரமூர்த்தி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நாலாவது கோப்பையில் இசக்கிராஜா கண்ணை மூடினான். இது சுதாராணி சொல்லிக் கொடுத்ததில் இல்லை. "ஏலக்காய். ஆனா பச்சை ஏலம் இல்ல, கொஞ்சம் முத்துனது," என்றான். இதுவும் இல்லை. ஐந்தாவதைக் குடித்து வாய்க்குள் உருட்டி, படிக்கத்தில் குறி தவறாமல் துப்பினான். "அஸ்ஸாம். நல்ல கனம்." ஆறாவதைக் குடிக்காமல், மோந்து பார்த்தே சொன்னான்.

சௌந்தரபாண்டியன் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். "என் நாக்குக்கு இந்த ஊர்ல சோடியே இல்லன்னு இருந்தேன். வந்துட்டான்யா!" என்றார். கோமதியம்மாள் தன் மகனை, திருடனா மகானா என்று தெரியாதவள்போலப் பார்த்தாள். வீட்டில் அவன் கருப்பட்டிக் காப்பியில் ஈ விழுந்தாலே கவனிக்காதவன்.

அத்தோடு விட்டிருந்தால் கதை தூத்துக்குடிக்குப் போயிருக்கும்.

"ஓய், கோப்பைகளை இடம் மாத்தி வையும். நானும் மாப்பிள்ளையும் சேந்து பாக்கோம்," என்றார் சௌந்தரபாண்டியன். மந்திரமூர்த்தி தட்டை உள்ளறைக்குக் கொண்டுபோய், சாஸரோடு கோப்பைகளை மாற்றி அடுக்கிக்கொண்டு வந்தார். சுதாராணி தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். இனி மனப்பாடம் உதவாது. அவன், போதும், நாக்கு களைத்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படிச் சொல்லும்படி கண்ணால் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உறிஞ்சினான். இப்போது சத்தம் தெருமுனை வரை போயிருக்கும்.

"ரோஜா," என்றான்.

சௌந்தரபாண்டியனும் அதே கோப்பையில் ஒரு வாய் உறிஞ்சினார். "ரோஜாவேதான். சந்தேகமே இல்ல." சாஸரைத் தூக்கினார். அடியில் அன்னாசி. அன்னாசி என்றால் அஸ்ஸாம்.

இரண்டு நாக்குகளும் ஒரு லேபிளும் எதிரெதிரே நின்றன.

"லேபிள் மாறிட்டு மாமா," என்றான் இசக்கிராஜா.

அந்த 'மாமா' சௌந்தரபாண்டியனுக்கு இனித்தது. அவர் தூண் பக்கம் திரும்பினார். "ஏட்டி! லேபிளை மாத்தியா ஒட்டுன?"

"இல்லப்பா."

"அப்ப எங்க ரெண்டு பேரு நாக்கும் பொய்யா?"

கோமதியம்மாள் மெல்ல வாயைத் திறந்தாள். "ஆபீஸ்ல லேபிள் கணக்குப் பாக்குற பொண்ணுன்னு சொன்னாவளே அண்ணாச்சி. ஆறு லேபிளுக்கே இப்படின்னா…"

"வேலையாளு கணக்கா நிக்காளே தவிர கவனம் கெடையாது. அவ ஆத்தா புத்தி," என்றார் சௌந்தரபாண்டியன்.

சுதாராணி இசக்கிராஜாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். எனக்குத்தான் தடுமாறிவிட்டது என்று அவன் சொன்னால் முடிந்தது. பொய் சொன்னால் ஒரு மாதிரியாக இருக்கும் என்று சொன்னவன். அவன் சாய்ந்து உட்கார்ந்து, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டான்.

"விடுங்க மாமா. வேணும்னா அவங்களையே ஒருதடவை குடிச்சிப் பாக்கச் சொல்லுங்க. தெரிஞ்சு போகும்," என்றான்.

அவளை நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டில் அதுவரை அவளுக்கு யாரும் அந்தக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்ததில்லை. இசக்கிராஜாவே ஒன்றை எடுத்து நீட்டினான். குடித்தாள். இரண்டாவது. மூன்றாவது. மந்திரமூர்த்தி சிரிப்பதற்குத் தயாராக இருந்தார். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் ஒரே டீதான்," என்றாள்.

சமையலறை வாசலில் செண்பகவல்லி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் சிரிப்பு. முதலில் மந்திரமூர்த்தி, பிறகு சௌந்தரபாண்டியன் வயிறு குலுங்க. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோமதியம்மாள் சிரிக்கலாமா என்று மகனைப் பார்த்து, அவன் சிரித்ததும் சிரித்தாள். "ஒரே டீயாம்லா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் செண்பகவல்லியைக் காப்பாற்றியது. அந்தக் கூடத்தில் அதுவரை பேசப்பட்டவற்றில் ஒரே ஒரு உண்மையை யாரும் நம்பவில்லை.

"பொண்ணுக்கு நாக்கே இல்ல மாப்பிள்ளை. ஒளிச்சு வச்சுக் கெட்டிக்கொடுக்க மாட்டேன். பாத்துக்கிடுங்க," என்றார் தகப்பனார்.

இசக்கிராஜா பெருந்தன்மையோடு கையை அசைத்தான். "பரவால்ல மாமா. பழக்கிக்கிடலாம்," என்றான். மாட்டுத்தாவணியில் கன்றின் பல்லைப் பார்த்துவிட்டுச் சொல்வார்களே, அந்தக் குரல்.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று கொல்லைக்கு அனுப்பினார்கள். போர் மோட்டார் பக்கத்தில் நின்றார்கள்.

"மனப்பாடமாத்தானே சொன்னீங்க?" என்று கேட்டாள் சுதாராணி.

"மொதல்ல அப்படித்தான். ரெண்டாவது கப்பு குடிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிட்டு. ரோஜான்னு சொல்லுதேன், நெசமாவே ரோஜா. டார்ஜிலிங் வேற மாதிரி. இத்தனை வருசமா எங்கிட்ட இது இருந்திருக்கு. எனக்கே தெரியல." அவன் முகம் பளபளத்தது.

"அப்படி ஒண்ணும் இல்ல. ஆறு டப்பாவும் ஒண்ணு. அம்மா மாடில காயப்போட்டாவ, காத்துல கலந்துட்டு. வாரி அள்ளிப் போட்டுட்டாவ. நீங்க குடிச்சது ஆறும் ஒரே தேயிலை." அவன் சிரிப்பான் என்று கடைசியாக ஒருமுறை எதிர்பார்த்தாள். பதினாலு லேபிளுக்குச் சிரித்தவர்கள் ஆறு டப்பாவுக்குச் சிரிக்கக் கூடாதா?

அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "உங்களுக்கு அப்படித் தெரியுது."

"நானே மோந்து பாத்தேன்கேன்."

"கலந்தே இருக்கட்டும். கலந்ததுலயும் பிரிச்சு எடுக்குற நாக்குன்னு வச்சிக்கிடுங்களேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அத்தை கலந்துட்டாவங்கிறது மாமாக்குத் தெரியாதுல்லா?"

அவள் கண் சமையலறை ஜன்னலுக்குப் போயிற்று.

"பயப்படாதீங்க. நான் சொல்ல மாட்டேன்," என்றான் இசக்கிராஜா. அன்பாகத்தான் சொன்னான். சமையலறை ஜன்னலில் செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்த்து, மரியாதையாக ஒரு கும்பிடு போட்டான்.

சுதாராணி உள்ளே போய், சம்மதம் என்றாள்.

கல்யாணம் தையில் நடந்தது. தூத்துக்குடிக்குப் போகவில்லை. இப்படிப்பட்ட நாக்கு கண்டெய்னர் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்று சௌந்தரபாண்டியன் மாப்பிள்ளையை வேலையை விடச் சொன்னார். அவன் உடனே விட்டான். மாடியில் இரண்டு அறை எடுத்துக் கட்டி வீட்டோடு வைத்துக்கொண்டார். கோமதியம்மாளும் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். கல்யாணமான பெண்ணுக்கு ஆபீஸ் எதற்கு என்று அவள்தான் முதலில் சொன்னாள். சுதாராணியின் மேஜையில் இப்போது இசக்கிராஜா உட்காருகிறான். பாட்னாக்காரர் போன் செய்தால், இரட்டை முயலின் தனிச் சிறப்பைப் பற்றி அவரோடு மனமொத்துப் பேசுகிறான். குச்சி ஒன்றுதானே என்று லேபிள் ஒட்டும் பெண் ஒருத்தி கேட்டதற்கு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான்.

மனைவியைப் பழக்குவதாகச் சொன்ன வாக்கையும் அவன் மறக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு கோப்பை கொடுத்துப் பெயர் கேட்பான். அவள் ஏதோ ஒன்றைச் சொல்வாள். தப்பு என்பான். திட்ட மாட்டான். அடிக்கவும் மாட்டான். தன் அம்மாவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுவான், அவ்வளவுதான். அவள் என்றைக்காவது முரண்டு பிடித்தால், "அத்தை, போன ஆடில மாடில என்ன காயப்போட்டிய?" என்று மாடியிலிருந்து கீழே பார்த்துக் கேட்பான். செண்பகவல்லி செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மகளிடம் ஓடி வருவாள். "ஏட்டி, அவிய சொல்லுதபடி சொல்லிரேன். உனக்கென்ன கொறஞ்சு போகுது?"

குன்னூர்த் தேயிலை அடுத்த வருஷமே தீர்ந்துவிட்டது. இதைச் சொல்லி வீட்டில் இன்னொரு புயலைக் கிளப்ப சுதாராணிக்குத் தெம்பு இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில் சுடலையம்மாளை விட்டுச் சில்லறையில் டீத்தூள் வாங்கி ஆறு டப்பாவிலும் நிரப்பிக்கொண்டு வருகிறாள். அதன் பிறகு நீலகிரியில் மலைக்காற்று கூடிவிட்டதாக மாமனாரும் மருமகனும் ஒரே குரலில் சொன்னார்கள். மந்திரமூர்த்திக்கு அஸ்ஸாம் இன்றும் சல்யூட் அடிக்கிறது. போன மாதம் சங்கத்தின் ஆண்டு விழாவில் 'ரசனை' என்ற தலைப்பில் இசக்கிராஜா ஒரு மணி நேரம் பேசினான். பொன்னாடை போர்த்தினார்கள். உண்மையான நாக்கு பொய் சொல்லாது என்று முடித்தபோது முன்வரிசையில் சௌந்தரபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவு நடந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் வடிக்கிறாள், லேபிள் ஒட்டுகிறாள், தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள், கடைசியில் படிக்கத்தைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.

சுதாராணி குடிப்பது காப்பி.